பில்சூனின் இடுப்பு

"மேஸ்திரி, அவகிட்ட சொல்லுங்க. இடுப்ப முறுக்காதே, காலைத் திருப்பி நின்னுக்கன்னு."

ஓக்பூன் இதைச் சொன்னபோது, கேட்க வேண்டிய பில்சூன் அவளுக்குக் கை எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள்.

பம்ப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த தால்சூ, சத்தத்தை மீறிக் கத்தினார். "பில்சூன், இடுப்ப முறுக்காம காலைத் திருப்பி நிக்கணுமாம்."

"கேட்டுதுன்னு சொல்லுங்க" என்றாள் பில்சூன். திரும்பி நின்றாள்.

கொரியாவின் பூசான் துறைமுகத்தில், பழுது பார்க்கும் தளத்தில், ஒரு மீன்பிடிக் கப்பலைக் கரையேற்றி நிறுத்தியிருந்தார்கள். அதன் அடிவயிற்றில் ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் இரண்டு பெண்களும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஓக்பூனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பில்சூனுக்குத் தாண்ட இருந்தது.

கிபோம் பெயின்ட் அடிப்பவன். இந்தத் தளத்துக்குப் புதிது. இவர்கள் கழுவி முடித்துக் கப்பல் காய்ந்தால்தான் அவன் வேலையைத் தொடங்க முடியும். மறுநாள் மாலை கப்பல் கடலில் இறங்க வேண்டும் என்று முதலாளி அவனிடம்தான் சொல்லியிருந்தார்.

"மேஸ்திரி, பம்ப்ப நிறுத்துங்க. அவளுக்கு ரெஸ்ட்டு" என்றாள் ஓக்பூன்.

"இப்பத்தானேக்கா ரெஸ்ட் எடுத்தீங்க?" என்றான் கிபோம்.

"அது எனக்கு. இது அவளுக்கு."

ஓக்பூன் தன் பிளாஸ்கிலிருந்து பார்லித் தேநீரை ஊற்றித் தால்சூவிடம் கொடுத்தாள். தால்சூ அதைப் பில்சூனிடம் கொடுத்தார். குடித்ததும் காலிக் கோப்பை அதே வழியில் திரும்பி வந்தது.

மறுபடி பம்ப் ஓடியது. கப்பலுக்கு அடியில் மண்டியிட்டு, தலைக்கு மேலே பீய்ச்ச வேண்டிய இடத்துக்கு ஓக்பூனே போனாள். நிமிர்ந்து நின்று கழுவும் பக்கவாட்டைப் பில்சூனுக்கு விட்டாள். அங்கிருந்தும் அவள் வாய் ஓயவில்லை. கையை மாத்திப் பிடிக்கச் சொல்லுங்க. முழங்கைய உடம்போட ஒட்டி வைக்கச் சொல்லுங்க. எட்டலைன்னா எக்க வேணாம், நீளக் குழாய மாட்டிக்கச் சொல்லுங்க. தால்சூ ஒன்று விடாமல் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் என்ன மேஸ்திரி சண்டை?" என்று கிபோம் மெல்லக் கேட்டான்.

"பழைய சண்டை."

"நீங்க பேசிச் சமாதானம் பண்ணக் கூடாதா?"

"நான் பேசினா சரியா வராது" என்ற தால்சூ, இடுப்பில் கட்டியிருந்த அகலப் பட்டையைச் சரி செய்துகொண்டார். அவரும் ஒரு காலத்தில் கப்பல் கழுவியவர்தான். நாளெல்லாம் குனிந்தே கழுவி, முதுகில் ஜவ்வு விலகி, இப்போது பம்ப்பை ஓட்டவும் நிறுத்தவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

மதியத்துக்குப் பிறகு அது நடந்தது. தடியான ரப்பர் குழாய் ஒரு கட்டையில் சிக்கிக்கொண்டது. பில்சூன் குனிந்தபடியே அதை வெடுக்கென்று இழுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

ஓக்பூன் ஓடி வந்தாள். பில்சூனின் அக்குளில் கை கொடுத்துத் தாங்கி, கிபோமின் உதவியோடு ஒரு பலகையில் படுக்க வைத்தாள். முழங்காலை மடக்கி, அடியில் தன் மழைக்கோட்டைச் சுருட்டி வைத்தாள். தன் பையிலிருந்து வலிப் பிளாஸ்திரி எடுத்து அவளே ஒட்டினாள்.

"மேஸ்திரி, மூச்ச அடக்காம விடச் சொல்லுங்க."

"மூச்ச விடணுமாம்."

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லுங்க" என்றாள் பில்சூன், கண்ணீரோடு. "கொஞ்ச நேரத்துல எழுந்திருச்சு மிச்சத்த முடிச்சிடுவேன்னும் சொல்லுங்க."

"இன்னிக்கு அவ எதையாவது கையால தொட்டா, நான் வேலைய விட்டுட்டே போயிடுவேன்னு சொல்லுங்க."

மீதிக் கப்பலை ஓக்பூன் தனியாகக் கழுவினாள். கிபோம் குழாயை இழுத்துக் கொடுத்தான். நடுநடுவே அவள் நின்று, பில்சூன் கால் விரலை அசைக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள். வெளிச்சம் மங்கும் முன் வேலை முடிந்தது. பில்சூனும் மெல்லப் புரண்டு எழுந்து உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் ஓக்பூன் தன் கையுறையைக் கழற்றினாள்.

தால்சூ பம்ப்பை நிறுத்திவிட்டு ஸ்டூலில் இருந்து எழப் பார்த்தார். முடியவில்லை. வழக்கமாகப் பில்சூன்தான் கை கொடுத்துத் தூக்குவாள். அவர் ஓக்பூன் பக்கம் கையை நீட்டினார்.

ஓக்பூன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தம்பி, நீ வந்து தூக்கு."

கிபோம் தூக்கி நிறுத்தினான். அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"என்னக்கா இது? பேச்சுவார்த்தையே இல்லாதவங்கள உடன்பிறப்பு மாதிரி தாங்குறீங்க. பாவம் மேஸ்திரி, அவருக்கு ஒரு கை கொடுக்க மாட்டேங்கறீங்க."

ஓக்பூன் பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினாள்.

"அவ இடுப்பும் போயிடுச்சுன்னா, இந்த மனுஷன எழுப்பி, குளிப்பாட்டி, சட்டை மாட்டி விட யார் இருக்கா?" என்றாள். "நான் அவரோட முதல் பொண்டாட்டி, தம்பி. திரும்ப என் தலையிலதான் கொண்டுவந்து கட்டுவாங்க."