கோணல் பாத்தி

"இதுக்குப் பேர் பாத்தியா, கிளாரி? பாம்பு நெளிஞ்சுட்டுப் போன மாதிரி இருக்கு!"

நோலீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இது மூன்றாவது சனிக்கிழமை. மூன்றாவது முறையாகக் கோணல்.

சிமெண்ட் வேண்டாம், கலவை வேண்டாம். ஒரு கல்லின் விளிம்பில் இன்னொரு கல் போய்ப் பூட்டிக்கொள்ளும். "கண்ணை மூடிக்கிட்டு அடுக்கலாம்மா" என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். அறுபது கான்கிரீட் கல், நாலு வரிசை. ஒரு தக்காளிப் பாத்தியைச் சுற்றிச் சின்னச் சுவர் எழுப்ப இவ்வளவுதான் வேலை.

குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த கிளாரிதான், "ஆளெல்லாம் எதுக்கு? நான் கட்டித் தரேன்" என்று வலிய வந்தார். அன்றைக்கு டீயும் கொடுத்துத் தலையாட்டியதை நினைத்தால், நோலீனுக்குத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்டோபர் கடைசியில் வரும் கண்காட்சி லீவுக்குள் நாற்று மண்ணில் இறங்கினால்தான், ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் இருக்கும் ஹோபார்ட்டில் தக்காளி பழுக்கும். நாற்றோ தொட்டியிலேயே வாடிக்கொண்டிருந்தது.

கிளாரி பின்மண்டையைச் சொறிந்தார். "நேரா வெச்ச மாதிரிதான் இருந்துச்சு..."

"நேராவா? யோவ், உன் கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" கொல்லைப் படியிலிருந்து அவள் கணவர் மெர்வ் கத்தினார். "ரெண்டாவது வரிசையைப் பாருய்யா! வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது!"

நோலீனுக்கு அதுதான் பெரிய எரிச்சல். மார்ச் மாதம் மெர்வுக்குப் பக்கவாதம் வந்து வலது கை சோர்ந்துபோனது. 'அவரைக் கோபப்பட விடாதீங்க' என்பது டாக்டர் உத்தரவு. இந்தக் கிளாரியோ வாரம் தவறாமல் வந்து அவருக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றிவிட்டுப் போகிறார்.

"மெர்வ், நீ உள்ள போ!"

"இந்த ஆளு ஒரு கல்லையாவது ஒழுங்கா வெக்கட்டும், போறேன்" என்றபடி மெர்வ் ஊன்றுகோலோடு சேற்றில் இறங்கிவிட்டார்.

இதற்கு மேல் தாங்காது. திங்கட்கிழமை முதல் வேலையாக நோலீன் ஒரு கட்டட ஆளுக்குப் போன் செய்தாள்.

சனிக்கிழமை காலை வெய்ன் என்ற அந்த ஆள் மட்டப்பலகையோடு வந்தான். கொல்லையிலிருந்து அதற்குள்ளேயே சத்தம். பக்கவாட்டுச் சந்து வழியாக அவனை அழைத்துப் போனாள். வேலிக் கதவருகே அவன் சட்டென்று நின்றுவிட்டான்.

"ஏம்மா, அவரை வெச்சுக்கிட்டு என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"அவரைத் துரத்தத்தான். ஒரு கல்லு நேரா வெக்கத் தெரியலை."

"யாருக்கு? கிளாரி மேஸ்திரிக்கா?" வெய்ன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நாப்பது வருஷ சர்வீஸும்மா! கடற்கரைச் சுவர்ல பாதி அவர் கை வேலை. நூல் கட்டாமலே கல்லு வைப்பாரு. மயிரிழை பிசகாது!"

நோலீன் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

கிளாரி ஒரு கல்லை அச்சாகப் பொருத்தி வைத்தார். மெர்வ் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். பிறகு பூட்ஸ் நுனியால் அதை இரண்டு விரற்கடை வெளியே நெம்பித் தள்ளினார்.

"மெர்வ், இது சரியா பாருங்க."

"மறுபடியுமா! நகருய்யா, நானே வெக்கிறேன்!"

மெர்வ் ஊன்றுகோலை வீசிவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் கல்லைத் தூக்கினார். ஏழு மாதமாக நோலீன் கெஞ்சியும் ஒரு ரப்பர் பந்தைக்கூட அழுத்த மறுத்த வலது கை விரல்கள், கல்லின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தன.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கிளம்புங்க தம்பி, வேலை இல்லை" என்று வெய்னை அனுப்பிவிட்டுக் கொல்லைக்குள் போனாள்.

"பாத்தியா!" மதியம் கடைசிக் கல்லைப் பொருத்திவிட்டு மெர்வ் மூச்சிரைக்க நிமிர்ந்தார். "நாலு வரிசையும் நூல் பிடிச்ச மாதிரி! நாளைக்கே நாத்தை நட்டுடலாம்."

நோலீன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நேராக நின்ற அந்தப் பாத்தியை நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்கென்னமோ கோணலாத்தான் தெரியுது. எல்லாத்தையும் பிரிச்சுட்டு, அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் முதல்லேருந்து கட்டுங்க!"