கெளுத்தி ஒடித்த முள்

குளத்தில் கெளுத்தி மீனைக் கண்டால் கொக்கு ஒதுங்கிப் போகும். விழுங்கினால் தொண்டையில் முள் ஏறுமே!

“முள்ளை ஒடிச்சுப் போடு கெளுத்தி, இனி உன்னைத் தொடவே மாட்டேன்!” என்று குழைந்தது கொக்கு.

“தொட்டா நான் ஓடி வர்றேன்ல!” என்று மார்தட்டியது நீர்நாய்.

கெளுத்தி மூன்று முள்ளையும் கல்லில் உரசி ஒடித்தது. தவளைகள் ‘டர்ர் டர்ர்’ என்று மேளம் கொட்டின!

மறுநாளே கொக்கு கெளுத்தியின் வாலைக் கவ்வியது.

“நீர்நாயண்ணே, ஓடியாங்க!” என்று கெளுத்தி அலறியது.

சொன்னபடியே நீர்நாய் சர்ரென்று ஓடி வந்தது. “ஐயையோ, அநியாயம்! வன்மையாகக் கண்டிக்கிறேன்!” என்று கரையில் நின்று முழங்கியது. அது முழங்கி முடிப்பதற்குள் கொக்கு விழுங்கி முடித்தது.

அடுத்துக் கொக்கும் நீர்நாயும் நண்டின் வளைக்குப் போயின. “தம்பி, உன் கொடுக்கை மட்டும் கழற்றிட்டா…” என்று இழுத்தது கொக்கு.

“பேஷாப் பேசலாம்ணே!” என்று நண்டு இரண்டு கொடுக்கையும் விரித்து நீட்டியது. “முதல்ல கை குடுங்க!”