ஈர மணலில் ஒற்றைக் கால்

ஊன்றுகோலைச் சுவருக்கு வெளியே ஒளித்து வைத்துவிட்டுத்தான் தங்கமுத்து திண்டுக்கல் மைதானத்துக்குள் நுழைந்தான். நொண்டி என்று தெரிந்தால் மதுரைப் போட்டிக்கு யார் கூட்டிப் போவார்கள்?

நீளம் தாண்டுவதில் ஆத்தூர்ப் பக்கம் தனக்கு நிகரில்லை என்று அவன் பீற்றிக்கொண்டது ஊருக்கே தெரியும். மாசியில் வரப்பு வழுக்கி, கால் போச்சு என்று படுத்ததும் தெரியும். ஊன்றுகோல் காலையில் ஒரு கையிலும் மாலையில் மறு கையிலும் இருந்ததை மட்டும் யாரும் கேட்கவில்லை. நமக்கெதற்கு.

மதுரைக்கு ஆள் எடுக்க டிரில் மாஸ்டர் அப்பாஸ் மணலை நனைத்துச் சமப்படுத்தியிருந்தார். ஒற்றைக் காலில் எம்பி, அதே காலில் இறங்கி, அவர் கையை இறக்கும்வரை ஆடாமல் நிற்க வேண்டும். தடம் இழுபட்டிருந்தால் விரலால் அளந்து பார்த்து, ஆளை வெளியே அனுப்பிவிடுவார்.

தங்கமுத்து இடது காலை ஊன்றித் தயாரானபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், அவருக்கு வலது கால்தான் போச்சு. மொதல்ல அதச் சோதிங்க."

மனைவியின் தம்பி மலைச்சாமி. இரண்டு மாதமாக மாமாவுக்குப் பதிலாக அக்கா வீட்டுக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையை ஓட்டி, உள்ளங்கையெல்லாம் கொப்புளமாகக் கிடந்தவன்.

"ஒடஞ்ச காலத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குல்ல போகணும் அப்பு?" என்றார் அப்பாஸ்.

"அதெல்லாம் நிக்கும் சார்."

"நின்னு கிழிச்சாரு. கொல்லைக்குப் போகவே எங்க அக்கா தோளு வேணும்," என்றான் மலைச்சாமி. "அசிங்கப்படாம வீட்டுக்குப் போங்க மாமா."

கூட்டம் சிரித்தது. தங்கமுத்துவுக்கு ரோஷம் தலைக்கேறியது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வலது காலில் எம்பினான். ஆணி அடித்தாற்போல இறங்கி நின்றான்.

"இன்னொருக்கா தாண்டச் சொல்லுங்க சார். ஏதோ குருட்டாம்போக்குல நின்னுட்டாரு."

தங்கமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் உயரமாக எம்பினான். அப்பாஸ் குனிந்து விரல் வைத்துப் பார்த்தார். தடம் நூலளவும் நகரவில்லை.

"மதுரைக்கு நீதான்," என்றார்.

ஒற்றைக் காலில் நின்றபடியே தங்கமுத்து மைத்துனனை முறைத்தான். "இப்ப என்னலே சொல்ற?"

மலைச்சாமி பின்னால் திரும்பினான். அங்கே ஜக்கம்மாள், புருஷனின் ஊன்றுகோலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"பாத்தியாக்கா? நாளையிலேர்ந்து கமலைக்கு மாமாவ எழுப்பு."