முப்பதாவது கிலோமீட்டர்

அந்தப் பூட்டுக்காரரைப் போல மாரத்தானுக்குத் தயாரானவர் நகரத்தில் வேறு எவரும் இருந்திருக்க முடியாது. ஓடப் போவதில்லை என்பது ஒன்றுதான் குறை.

மூன்று வாரமாக அவருடைய கடைச் சுவரில் ஓட்டப் பாதையின் வரைபடம் தொங்கியது. எந்தத் தெரு எத்தனை மணிக்கு மூடப்படும், எந்த முனையில் எத்தனை போலீஸ், உற்சாகப்படுத்த மேளம் அடிப்பவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மேளம் முக்கியம். இரும்பைத் துளைக்கும் சத்தத்தை அது விழுங்கிவிடும்.

அவர் குறிவைத்த வீடு, ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் ஒருவருடையது. அறுபத்தெட்டு வயதில் நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் ஓடிக் காட்டப் போவதாகப் பெரியவர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருந்தார். ‘எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல் தவறியவர் இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று வீடே திரண்டு, அவர் படம் அச்சிட்ட பனியனோடு எல்லைக்கோட்டில் காத்திருக்கப் போகிறது. அன்று காலை அந்த வீட்டில் ஈ, காக்கை இருக்காது.

பேட்டியைப் படித்த பூட்டுக்காரருக்குப் பெரியவர் மேல் மரியாதைதான் வந்தது. பூட்டுக்காரரும் ஒரு வகையில் மானஸ்தர். இருபது வருடத் திருட்டில் ஒரு முறைகூடப் பிடிபட்டதில்லை. அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். அவரை நாணயமான மனிதர் என்று நம்பித்தான் பெண் எடுக்கிறார்கள். அவர் ஒரு மணி நேரம் லாக்கப்பில் உட்கார்ந்தாலும் கல்யாணம் நின்றுபோகும்.

கூட்டாளி அவருடைய மைத்துனன் மட்டும்தான். அவன் சந்தேகப் பிராணி.

“நடுவுல கால் வலிக்குதுன்னு பெரியவர் டாக்சி பிடிச்சு வந்துட்டா என்ன மாமா பண்றது?”

பூட்டுக்காரர் கைபேசியைக் காட்டினார். ஓடுகிறவர் மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையில் சிறிய மின்னணுச் சில்லு ஒன்று ஒட்டியிருக்கும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை சாலையில் விரித்திருக்கும் பாயை மிதித்ததும், ஆள் எங்கே வருகிறார் என்று செய்தி வந்துவிடும். வீட்டாருக்கு என்று செய்த ஏற்பாடுதான். ஆனால் பெயரைப் போட்டுத் தேடினால் யாருக்கும் வரும்.

“அவர் எங்க கால் வைக்கிறார்னு அவர் பொண்டாட்டிக்குத் தெரியிறப்பவே நமக்கும் தெரிஞ்சிடும்.”

“இதை எங்க அக்கா உங்க மேல ஒட்டியிருந்தா அவ நிம்மதியா இருந்திருப்பா” என்றான் மைத்துனன்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குப் பெரியவர் வாசலில் நின்று எல்லோருக்கும் கையசைத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினார். நிமிர்ந்த முதுகு, புதுக் காலணி, மார்பில் எண். தெருமுனையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பூட்டுக்காரர் திருப்தியோடு கருவிகளை எடுத்துவரக் கடைக்குப் போனார். குடும்பத்தார் ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

ஐந்து மணிக்கு ஓட்டம் தொடங்கியது. செய்திகள் வரிசையாக வந்தன. ஐந்தாவது கிலோமீட்டர், பத்தாவது, பதினைந்தாவது. வயதுக்கேற்ற நிதானம், ஒரே சீரான வேகம். இருபத்தைந்தாவதுதான் வீட்டிலிருந்து மிகவும் தள்ளியிருக்கும் இடம். அந்தச் செய்தி எட்டு இருபதுக்கு வந்ததும் இருவரும் பின்கதவைத் திறந்து உள்ளே போனார்கள்.

மாடி அறையில் இரும்புப் பெட்டி இருந்தது. வெளியே மேளம் முழங்க, அரைமணி நேரத்துக்கு மேல் துளைத்த பிறகு கதவு வழிவிட்டது. உள்ளே மூன்று தலைமுறை நகை. பூட்டுக்காரர் பையை விரித்தார்.

“அதை அப்படியே வை.”

அறை வாசலில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். அவர் படியேறி வந்த சத்தத்தையும் மேளம் விழுங்கியிருந்தது. அதே பனியன், அதே புதுக் காலணி. வலது முழங்காலில் தடிமனாகக் கட்டு. கையில் கைபேசி.

மைத்துனன் தடாலென்று காலில் விழுந்தான். பூட்டுக்காரர் கைகூப்பினார்.

“ஐயா, பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம். எதையும் எடுக்கல. விட்டுடுங்க, அப்படியே போயிடறோம்.”

“நீ கைவச்சது நகையில இல்ல. எங்க குடும்ப மானத்துல” என்றார் பெரியவர். போலீஸ் எண்ணை அழுத்தத் தொடங்கினார்.

அப்போது பூட்டுக்காரர் பையில் இருந்த கைபேசி மணியடித்தது. அதே நொடியில் பெரியவர் கையில் இருந்ததும் அடித்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டிலும் ஒரே செய்தி. பெரியவர் முப்பதாவது கிலோமீட்டரைக் கடந்துவிட்டார், நான்கு மணி நேரம், வாழ்த்துகள்.

பூட்டுக்காரர் நிமிர்ந்து பெரியவரின் பனியனைப் பார்த்தார். காலையில் இருந்த எண் அட்டை அதில் இல்லை. பிறகு முழங்கால் கட்டைப் பார்த்தார். எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி என்று கண்டுபிடிப்பதுதானே அவர் தொழில்.

“நல்லா ஓடறீங்க ஐயா” என்றார் மெதுவாக.

பெரியவர் முகம் வெளுத்தது. பிறகு போலீஸ் எண்ணை அழித்துவிட்டு நொண்டியபடியே உள்ளே வந்து, நகைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கையாலேயே பூட்டுக்காரரின் பையில் வைத்தார். முதுகு மட்டும் வளையவில்லை.

“பின்வாசல் வழியா சீக்கிரம் கிளம்புங்கப்பா. பத்தரை மணிக்கு நான் ஓடி முடிக்கணும்.”