மண்ணெண்ணெய்ப் போத்தல்

“இன்னைக்கும் அங்கம்மா முறையிலதான் சாக்கு கூடுதலா எரிஞ்சிருக்கு!”

தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் ரமேஸ் சொன்னதும் தொழிற்சாலை வாசலில் சிரிப்பு எழுந்தது.

இலங்கை மலைநாட்டில், பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. தேயிலை காயவைக்கும் பெரிய அடுப்பில் நிலக்கரியை நிறுத்திவிட்டு, மரத்தூளை அழுத்திச் செய்த கட்டிகளைச் சாக்குச் சாக்காக எரிக்கத் தொடங்கியிருந்தார்கள். புகை குறைந்தது. சுமையும் குறைந்தது. அதனால்தான் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு அடுப்பு வேலை கிடைத்தது.

காலை முறை அங்கம்மாவுக்கு. மாலை முறை, நிலக்கரிக் காலத்து ஆளான வீரய்யாவுக்கு.

“வீட்டு அடுப்புன்னு நெனச்சு அள்ளிப் போடுறா போல!” வீரய்யா மீசையைத் தடவினார்.

“உங்க வீட்டு அடுப்பை என்னைக்காவது பார்த்திருக்கீங்களா, அண்ணே?” என்றாள் அங்கம்மா.

சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. ரமேஸ் மட்டும் சிரிக்கவில்லை.

“அங்கம்மா, தோட்டத்துத் துரை கணக்கு கேக்குறாரு. இப்படியே போனா நீ திரும்பக் கொழுந்து பறிக்கத்தான் போகணும். அப்புறம் எந்தப் பொம்பளையையும் இங்க சேர்க்க மாட்டாங்க.”

அங்கம்மாவின் முகம் இறுகியது. அடுத்த இடம் தனக்குத்தான் என்று, மலையில் கொழுந்து பறிக்கும் மதுஷா காத்திருக்கிறாள்.

“முறையை மாத்திக் குடுங்க ஐயா. மாலை எனக்கு, காலை அவருக்கு. அப்புறம் பேசுவோம்.”

“நல்லாப் போற முறையை எதுக்கு மாத்தணும்?” என்றார் வீரய்யா அவசரமாக.

ரமேஸ் மாற்றிவிட்டார்.

அன்றைய மாலை முறையையும் அங்கம்மாவே பார்த்தாள். மறுநாள் விடியலில், முறை தொடங்கும் முன்பே வீரய்யா வந்தார். ஒரு கையில் சுள்ளிக்கட்டு, இன்னொரு கையில் போத்தல். பின்னாலேயே ரமேஸும் அங்கம்மாவும் வந்து நின்றார்கள்.

இரும்புக் கதவைத் திறந்து, சாம்பலைக் கம்பியால் கிளறினார் வீரய்யா. கம்பி பாதியில் நின்றது.

சாம்பலுக்கு அடியில், அடுப்பு நிறையச் செந்தணல்.

ரமேஸ் போத்தலை வாங்கி முகர்ந்தார்.

“மண்ணெண்ணெய்! அடுப்பு அணைஞ்சிருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும், வீரய்யா?”

வீரய்யா தலையைச் சொறிந்தார். “நான்... முறை முடியுற நேரம் கட்டி போடுறதில்ல, ஐயா. எரிஞ்சு அடங்கட்டும்னு விட்டுட்டுப் போயிருவேன். சாக்கு மிச்சம்.”

“அப்ப இவ தினமும் சாம்பல்லருந்தா பத்த வச்சா? அதான் இவ கணக்குல சாக்கு கூடுச்சா? மத்தியானம் உங்ககிட்ட நல்லா எரியுற அடுப்பைக் குடுத்துட்டா போனா?”

ரமேஸ் அங்கம்மா பக்கம் திரும்பினார்.

“ஏன் அங்கம்மா, நேத்து நீயும் அணைய விட்டிருக்கலாமே? உன் கணக்கு இன்னும் குறைஞ்சிருக்குமே?”

அங்கம்மா நிமிர்ந்து நின்றாள்.

“சாக்குக் கணக்குதான் ஐயா ஆளுக்கொண்ணு. அடுப்பு ஒண்ணுதானே?”

ரமேஸ் அடுப்பின் இரும்புக் கதவைச் சாத்தினார்.

“மதுஷாவை நாளைக்குக் கொழுந்துக்கு ஆள் பிரிக்குற பெரட்டுக்குப் போக வேணாம்னு சொல்லு. நேரா இங்க வரட்டும். வேலையை நீயே பழக்கு.”

வீரய்யா போத்தலை வாங்கி அங்கம்மாவிடம் நீட்டினார்.

“வீட்டுக்குக் கொண்டு போ, தாயி. இனிமே இங்க யாருக்கும் இது தேவைப்படாது.”