இடுப்பில் ஒரு தக்காளிச் செடி

மொட்டை மாடியில் பத்து மணி வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கீழ்வீட்டுத் தையல்காரி தக்காளித் தொட்டியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நட்டநடுவே நிற்கிறாள். வாடகை வாங்கும் வீட்டுக்காரர் புதுச்சுவர் எழுப்பி அவள் ஜன்னலை அடைத்ததிலிருந்து செடி காமாலை கண்டதுபோல வெளிறிக் கிடக்கிறது. இலை வெயிலைப் பிடித்து, தண்ணீரையும் கரியமில வாயுவையும் சேர்த்துத் தனக்குத் தானே சர்க்கரை சமைத்துக்கொள்கிற விஷயம் தெருவில் யாருக்குத்தான் தெரியாது? அவருக்கு மட்டும் தெரியாதாம். காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் மாடிவீட்டுப் பெண்கள் இருவர், ஈரம் போயிற்றா என்று வெகுநேரமாகத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். பாவம், அவ்வளவு கனமான போர்வை. வீட்டுக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வருகிறார். “மாடியில தொட்டி வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? தளம் ஒழுகும்மா!” “தரையில வச்சேனாண்ணே? கையிலதானே இருக்கு,” என்கிறாள் அவள். “வீட்டுக்குள்ள லைட்டைப் போட்டு வளத்துக்கோயேன்.” “உங்க டியூப்லைட்டு எனக்கு ஊசி கோக்கவே பத்தல. அதுவா இதுக்குச் சோறு போடப் போகுது?” போர்வைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு தவறி விழுகிறது. அவர் காது சிவக்கிறது. தொட்டியின் ஈரம் அவள் உடுப்பில் கறையாக இறங்குகிறது, கை கடுக்கிறது, முகம் மட்டும் கல்லாக இருக்கிறது. “எவ்வளவு நேரம்தான் இப்படி நிப்பே?” என்கிறார். “இது சாப்பிட்டு முடிக்கட்டும்ணே,” என்றபடி, இதுவரை நிழலில் இருந்த இலைகளும் வெயில் பார்க்கட்டும் என்று தொட்டியைத் திருப்பி மறு இடுப்புக்கு மாற்றிக்கொள்கிறாள்.