வேளைக்கு ரெண்டு முட்டை

"அந்தம்மா புருஷனோட முட்டையைத் தின்னுது மேடம். என் கண்ணால பார்த்தேன்" என்று பற்றவைத்துவிட்டுப் போனாள் வார்டு ஆயா.

டயட்டீஷியனுக்குச் சுருக்கென்றது. கேஸ் சிலிண்டர் வெடித்துக் கையும் முகமும் வெந்துபோன வெல்டர் அவர். அடுத்த வாரம் தோல் ஒட்டும் ஆபரேஷன். புதுத் தோல் பிடிக்கப் புரோட்டீன் வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு ஏறாவிட்டால் ஆபரேஷனே தள்ளிப்போகும். அதற்காகத்தான் வேளைக்கு ரெண்டு முட்டை என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். அதிலும் பங்கா?

கையும் களவுமாகப் பிடிக்க நேரே போனாள்.

கட்டிலோரம் உட்கார்ந்து அந்தம்மா சப்புக்கொட்டி மென்றுகொண்டிருந்தாள். புருஷனுக்குக் கண்ணிலும் இரண்டு கைகளிலும் கட்டு. அந்த மனுஷனுக்கு என்ன தெரியும், பாவம்.

"ஏம்மா, உங்களுக்கே நல்லாருக்கா? அவருக்குப் புண்ணு ஆறணும்னு குடுக்கிறோம். நீங்க உக்காந்து மொக்கிட்டிருக்கீங்க."

பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"அவளைத் திட்டாதீங்க மேடம். நான்தான் சாப்பிடச் சொன்னேன். நான் படுத்ததுலருந்து அவ வயித்தைக் காயப்போடுறா. அவ மெல்லுற சத்தம் கேட்டாத்தான் நான் வாயைத் திறப்பேன்."

"அதுக்காக உங்க பங்கைத் தூக்கிக் குடுப்பீங்களா?"

"வேளைக்கு நாலு முட்டை தர்றீங்க. ஆளுக்கு ரெண்டு. எனக்கு அது போதாதா?"

"நாலா?"

அந்தம்மா அவசரமாக உதட்டில் விரலை வைத்தாள். தட்டில் கடைசித் துண்டு மட்டும் இருந்தது. அதை எடுத்துப் புருஷன் வாயில் ஊட்டிவிட்டுத் தானும் சப்புக்கொட்டி மென்றாள். பிறகு டயட்டீஷியன் பக்கம் திரும்பித் தன் வாயைத் திறந்து காட்டினாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

வந்த வேகத்தை நினைக்க டயட்டீஷியனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஆமாங்க, நாலுதான். நான்தான் மறந்துட்டேன்" என்றாள், அவர் காதில் விழும்படி.

பின்னாலேயே கதவு வரை வந்தாள் அந்தம்மா. "சொல்லிடாதீங்க மேடம். தெரிஞ்சா வாயே திறக்க மாட்டாரு."

டயட்டீஷியன் சீட்டை எடுத்து ரெண்டை அடித்துவிட்டு நாலு என்று எழுதினாள்.

"சொல்லலை. ஆனா நாளையிலருந்து நீங்களும் நிஜமா மெல்லணும்."